கைத்துண்டுக்குள் ஒரு கருந்துளை

குடோன் நிறையச் சரக்கு கிடக்கும்போது ஒன்றுமே இல்லாததுபோலவும், ஒன்றுமே இல்லாதபோது நிறையக் கிடப்பதுபோலவும் முகத்தை வைத்துக்கொள்வது ஒரு தொழில். விருதுநகரில் மிளகாய் வற்றல் கமிஷன் கடைக்காரரின் மகளாகப் பிறந்த கனகமணிக்கு அது எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே கைவந்துவிட்டது. அப்பா கடையில் கைத்துண்டை விரிப்பார். துண்டுக்கு அடியில் வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் சந்திக்கும். விரலைப் பிடித்தால் விலை ஏறும், விரலை மடக்கினால் இறங்கும். மேலே இரண்டு முகங்களும் மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். எதிராளியின் கையை முஷ்டியாக மடக்கி மூடிவிட்டால் 'ஒன்றுமில்லை, பேச்சு முடிந்தது' என்று அர்த்தம். ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தால் 'என்ன கேட்டாலும் தருகிறேன்' என்று அர்த்தம். அதைப் புத்தியுள்ள யாரும் செய்வதில்லை.

அந்தக் கனகமணிதான் வளர்ந்து, படித்து, சாத்தூருக்குக் கிழக்கே கரிசல் காட்டில் இருந்த ஆழ்விண் செவி மையத்தின் பகுப்பாய்வுத் தலைவி ஆனாள். வெளியிலிருந்து பார்த்தால் பஞ்சு மில் மாதிரி இருக்கும். உள்ளே இருந்தவர்கள் வானத்தை ஒட்டுக்கேட்பவர்கள். பூமியை விட்டுப் பல லட்சம் கிலோமீட்டர் தள்ளி மூன்று கலங்கள் ஒன்றையொன்று லேசர் ஒளியால் தொட்டுக்கொண்டு மிதந்தன. எங்கோ இரண்டு கருந்துளைகள் மோதினால் விண்வெளியே துணிபோல நெளியும். அந்த ஈர்ப்பலை வந்து தொடும்போது கலங்களுக்கு நடுவிலுள்ள தூரம் ஓர் அணுவின் அகலத்துக்கும் குறைவாகக் கூடிக் குறையும். அதைக் கேட்டுச் சொல்வதுதான் மையத்தின் பிழைப்பு. கூடவே ஓர் ஆசையும் இருந்தது. கனமான எது பக்கத்தில் போனாலும் அந்தக் கலங்கள் இம்மியளவு இழுபடும். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அப்படி இழுத்துவிட்டுப் போனால், அகப்பட்டது கரும்பொருள்.

நாள்கணக்கில் ஒன்றுமே கேட்காத வேலையில் காது மழுங்கிவிடும். அதனால் மையத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அசல் போலவே செய்த பொய்ச் சமிக்ஞை ஒன்றை யாருக்கும் தெரியாமல் தரவுக்குள் செருகிவிடுவது. கூட்டம் அதைக் கண்டுபிடிக்கிறதா, கண்டுபிடித்தால் சரியாக அளக்கிறதா என்று பார்க்கத்தான். அதற்குப் பெயர் பொம்மை. செருகும் உரிமை இரண்டே பேருக்கு. ஒன்று கனகமணி. மற்றவர் கருவிப் பிரிவுத் தலைவர் செய்யது அபுபக்கர், காயல்பட்டினத்து ரத்தின வியாபாரக் குடும்பம். அந்த ஊர் வழக்கப்படி கனகமணி அவரைக் காக்கா என்பாள், அண்ணன் என்று அர்த்தம். ஒருவர் போட்டதை மற்றவரிடம் சொல்லக்கூடாது, கேட்கவும் கூடாது. கணினியில்கூடத் தடம் இருக்காது. ஒரு வாரம் கழித்துத்தான் போட்டவர் வாய் திறக்கலாம். அதுவரை எல்லாரும் அதை அசல் என்றே பாவித்து வேலை செய்யவேண்டும். ஆனால் வெளியே மூச்சு விடக்கூடாது.

ரத்தின வியாபாரத்திலும் துண்டுக்குள்தான் விலை. எனவே இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு மதிப்பு அதிகம். இந்த மையத்தில் என் முகத்தைப் படிக்கத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான், இவர் முகத்தைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று கனகமணி நினைத்திருந்தாள். செய்யதும் அப்படியேதான் நினைத்திருந்தார்.

வெளியே மூச்சு விட்டவர் ஒருவர் உண்டு. பெயர் அருமைநாயகம். இரண்டு வருஷத்துக்கு முன்பு வந்த ஒரு பொம்மையை அசல் என்று நம்பி, சந்தோஷம் தாங்காமல் அமைச்சகத்துக்குப் போன் போட்டுவிட்டார். பாராட்டு அறிக்கை தயாராகி, போர்த்துவதற்குச் சால்வைகூட வந்துவிட்டது. அப்புறம்தான் செய்யது தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அது பொம்மை என்றார். அன்றிலிருந்து யாராவது அவசரப்பட்டால் "அருமைநாயகம் ஆயிடாதப்பா" என்பார்கள். மனுஷனைப் பழைய தரவுகள் பூட்டிவைக்கும் அறைக்கு மாற்றினார்கள். வந்த சால்வையை எவனோ குறும்புக்கு அவர் நாற்காலியில் போட்டுவைத்தான். அவர் ஏசிக் குளிருக்கு அதையே போர்த்திக்கொண்டு உட்கார ஆரம்பித்துவிட்டார். கேலி செய்தவர்களுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அன்று காலைப் பணியில் இருந்தவள் மரிய பெல்சியா. முனைவர் பட்டம் வாங்கிய கையோடு சேர்ந்தவள். வேம்பாருக்குத் தெற்கே உப்பள ஊர். தாயில்லாத பெண்ணை, உப்பளத்தில் வேலை பார்த்துப் படிக்கவைத்தவள் அக்கா ஜெசிந்தா. அளத்தில் காலை இடைவேளை விட்டதும் அக்கா போன் பண்ணுவாள்.

"ஏட்டி பெல்சி, சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்க்கா. நீ?"

"ஆச்சு. நீ தேடுத சாமான் கெடச்சிட்டா?"

"இல்லக்கா."

"அது என்னட்டி அது? கண்ணுக்குத் தெரியாதாம், கைக்குச் சிக்காதாம், ஆனா இருக்குங்கீய. எங்க கங்காணி சொல்லுத சம்பள உயர்வு மாதிரில்லா இருக்கு."

பெல்சியா சிரித்தாள். "இங்க பாருக்கா. தராசுல உப்பு மூட்டை வைக்கோம். கண்ணுக்கு ஒரு மூட்டைதான் தெரியுது. முள்ளு ஆறு மூட்டைக்குக் காட்டுது. என்ன நெனைப்ப?"

"யாவாரி தட்டுக்கு அடியில காந்தத்த ஒட்டியிருக்கான்னு நெனைப்பேன்."

"எந்தத் தராசுல போட்டாலும் அப்படியே காட்டுனா?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப மிச்ச அஞ்சு மூட்டை அங்கதான் இருக்கு. நமக்குத்தான் தெரியல."

"அதான் கரும்பொருள். வானத்துல நட்சத்திரக் கூட்டத்த எடை போட்டா அப்படித்தான் காட்டுது. அந்த அஞ்சு மூட்டையும் குட்டிக் குட்டிக் கருந்துளையா இருக்கலாம்னு ஒரு கட்சி சொல்லுது. பிரபஞ்சம் பொறந்த மொத நொடியில அங்கங்க நசுங்கி உண்டானது. ஒரு மலையோட எடை இருக்கும், உருவம் ஒரு அணுவைவிடச் சின்னது."

"சாமி உலகத்தப் படைக்கும்போது சிந்துன சில்லறைன்னு சொல்லு."

"ஆமாக்கா."

"கெடச்சா பத்திரமா எடுத்து வையி. கங்காணி வாரான், வைக்கேன்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், திரையில் முதல் கலம் இழுபட்டிருந்தது.

கனகமணியும் செய்யதும் வந்து சேர்வதற்குள் அறை நிறைந்துவிட்டது. பெல்சியாவின் குரல் அவளுக்கே கேட்காத வேகத்தில் ஓடியது.

"மேடம், இது ஈர்ப்பலை இல்ல. பக்கத்துல ஏதோ போகுது. மொத கலத்த இழுத்துச்சு, இப்ப ரெண்டாவது. தொலைநோக்கியில அந்த எடத்துல ஒண்ணுமே தெரியல."

"எடை?"

"பொதிகை மலை முழுசையும் அள்ளிக் கட்டுன மாதிரி."

"வேகம்?"

"சென்னைலேர்ந்து மதுரைக்கு ரெண்டு நொடி."

மூன்றாவது கலமும் இழுபட்டதும், அதுவரை பரந்து கிடந்த பாதை ஒரு நூலாகச் சுருங்கியது. நூலின் நுனி பூமியைத் தொட்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தை ஒட்டித் தென் பசிபிக்கில் நுழையும். பூமியை ஊசிபோலத் துளைத்துக்கொண்டு மன்னார் வளைகுடாக் கரையில் வெளியே வரும். வேம்பாருக்குத் தெற்கே. உப்பளம்.

அறை முழுவதும் திரைக்கு நெருங்கி வந்தது. பிறகு யாரோ சிரித்தார்கள்.

"ஏம்ப்பா, இவ்வளவு பெரிய பிரபஞ்சத்துல வேற ஊரே கெடைக்கலையா? நேரா வேம்பாருக்கா டிக்கெட் எடுத்திருக்கு?"

"பூமியில இப்படி ஒண்ணு வந்து விழணும்னா பிரபஞ்சத்தோட வயசே பத்தாது. கணக்குப் போட்டுப் பாரு."

"பொம்மை செஞ்சவருக்கு நம்ம ஊர்ப் பாசம் ஜாஸ்தி போல."

கனகமணி சிரிக்கவில்லை. அவள் மெதுவாகச் செய்யதைப் பார்த்தாள். போன வாரம் சாப்பாட்டு மேஜையில் அவர் சொன்னது ஞாபகம் வந்தது: 'பொம்மை போட்டா நம்ம பக்கத்துல விழுற மாதிரி போடணும்மா. அப்பதான் பசங்க தூங்காம வேலை பாப்பாங்க.' இப்போது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். பூமிக்கு ஆபத்து என்று திரை சொல்லும்போது கண்ணாடி துடைக்கிற மனிதன்! நல்ல கைதேர்ந்த வியாபாரி என்று அவள் உள்ளுக்குள் மெச்சினாள். மெச்சியது வெளியே தெரிந்துவிடக்கூடாது என்று தலைக்குமேல் சுற்றும் மின்விசிறியைப் பார்த்தாள்.

"மேடம், அசலா இருந்தா?" என்றாள் பெல்சியா. "அளத்துல ஆளுங்க இருக்காங்க. கலெக்டர் ஆபீசுக்காவது ஒரு வார்த்தை..."

"சால்வை வேணுமா பெல்சி?" என்றான் ஒருவன். அறை குலுங்கியது.

சால்வைக்கு உரியவர் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். சத்தம் கேட்டு வந்திருக்கவேண்டும். எல்லாரோடும் சேர்ந்து அருமைநாயகமும் சிரித்தார், கொஞ்சம் அதிகமாகவே. சிரித்து முடித்ததும் திரையைப் பார்த்தார். பிறகு பெல்சியாவின் முகத்தைப் பார்த்தார். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டார்.

கூட்டம் அசலுக்கு உரிய மரியாதையோடு அளக்க உட்கார்ந்தது. அளப்பதில் யாரும் குறை வைக்கவில்லை. பிழை எவ்வளவு, பாதை எவ்வளவு துல்லியம், எந்தக் கணத்தில் வெளியே வரும் என்று ஒன்றுக்கு இரண்டாகச் சரிபார்த்தார்கள். 'இது நிஜமா?' என்ற கேள்வியை மட்டும் ஒருவரும் இன்னொரு முறை கேட்கவில்லை. சால்வை ஒன்றுதான் இருந்தது. இரண்டாவதாக ஒன்று வாங்கவைக்க யாருக்கும் ஆசையில்லை.

வெயில் ஏறிய நேரத்தில் பெல்சியா கனகமணியின் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"மேடம், அக்கா கூப்புட்டா. பக்கத்துக் கெமிக்கல் ஆலையில காஸ் கசியுதுன்னு யாரோ போன்ல சொல்லியிருக்காங்க. எல்லாரும் ஓடுறாங்களாம். நான் ஆலைக்கே போன் பண்ணிக் கேட்டுட்டேன், கசிவு எதுவும் இல்ல. இவ என்னடான்னா, ஓடவா நிக்கவான்னு என்கிட்ட கேக்குறா."

"காஸ் இல்லேல்ல? அப்புறம் என்ன?"

"காஸ் இல்ல மேடம். ஆனா காலையில திரையில வந்தது பொம்மையா, அசலா..." அவள் திரும்பிக் கதவைச் சாத்தினாள். "எனக்கு விதி தெரியும். நீங்க வாயால ஒண்ணும் சொல்லவேண்டாம்."

துப்பட்டாவின் முனையை எடுத்து மேஜைமேல் விரித்தாள். அதற்கு அடியில் தன் கையை நீட்டி வைத்தாள். ஓய்ந்த வேளைகளில் டீ குடித்துக்கொண்டே கனகமணிதான் அவளுக்கு அந்த விரல்பாஷையைச் சொல்லிக்கொடுத்திருந்தாள். சும்மா, விளையாட்டாக.

கனகமணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கை மட்டும் துணிக்கு அடியில் போயிற்று. பெல்சியாவின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, முஷ்டியாக்கி, தன் கையால் மூடி, ஒரு அழுத்து அழுத்தினாள்.

ஒன்றுமில்லை.

அவள் மனதில் இருந்தது இரக்கம். அதில் சந்தேகமில்லை. ஆனால் இரக்கத்தோடு கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது. மற்றவர்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும், விதியை மீறி உனக்குத் தருகிறேன் பார் என்கிற பெருமை. வற்றல் கடைக்காரர் மகள் தன் குடோனில் இல்லாத சரக்கை அன்று விற்றாள்.

பெல்சியாவின் முகத்தில் ரத்தம் திரும்பியது. வராந்தாவில் அவள் போனில் பேசியது கதவைத் தாண்டிக் கேட்டது. "ஒண்ணும் இல்லக்கா. எல்லாம் சும்மா. நீ வேலையப் பாரு. நான் சொல்லுதேன்லா?"

சாப்பாட்டுக் கூடத்தில் அன்று கூட்டம் அதிகம். பெரிய திரை ஒன்றில் நேரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. பொம்மையாக இருந்தாலும் பூஜ்யத்தைப் பார்ப்பதில் ஒரு குஷி. செய்யதும் கனகமணியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டதும் பையன்கள் கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓய்ந்த பிறகு, மேஜைமேல் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று மெல்லிசாகக் கிணுகிணுத்தன. ரசத்தின்மேல் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. கிழக்கு ஜன்னல் கண்ணாடி ஒரு முறை அதிர்ந்து அடங்கியது.

கனகமணி செய்யதைப் பார்த்தாள். செய்யது கனகமணியைப் பார்த்தார். இத்தனை வருஷப் பழக்கத்தில் முதல்முறையாக அந்த முகத்தில் எழுதியிருந்ததை அவளால் படிக்க முடிந்தது.

"மணியம்மா," என்றார் அவர், உதடு அசையாமல். "இது நீங்க போட்டதுதானே?"

"நான் போடல காக்கா. நீங்கதானே போட்டீங்க?"

"அல்லாவே. நான் எப்பம்மா போட்டேன்? நீங்கதானே காலையில ஃபேனப் பாத்துக்கிட்டு நின்னீங்க?"

"நீங்க கண்ணாடி தொடச்சுக்கிட்டு இருந்தீங்களே?"

"கண்ணாடியில அழுக்கு இருந்துச்சும்மா."

எதிராளியின் வெறும் முகத்தைப் பார்த்து உள்ளே பெரிய சரக்கு இருப்பதாக இருவருமே முடிவு கட்டியிருந்தார்கள். இரண்டு குடோனும் காலி. கூடத்தின் மறுகோடியில் பெல்சியா போனைக் காதில் வைத்துக்கொண்டு, எடுக்காத போனில் 'அக்கா, அக்கா' என்று பேசிக்கொண்டிருந்தாள்.

அளத்தில் ஆட்கள் எல்லாரும் தப்பித்திருந்தார்கள். காஸ் என்றதும் செருப்பையும் சோற்று வாளியையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடியிருந்தார்கள். ஜெசிந்தா ஒருத்திதான் நின்றாள்.

மறுநாள் உலகம் முழுவதும் அதுதான் பேச்சு. பாத்தி நடுவே ஆள் நுழையாத ஒரு துளை, அதைச் சுற்றி உருகிக் கண்ணாடியான உப்பு, கரையில் சரிந்துகிடந்த கொட்டகை. இத்தனை காலம் தேடிய கரும்பொருளின் ஒரு துணுக்கு, மனிதன் கண்ணெதிரே பூமியை விட்டு வெளியேறியிருந்தது. தலைமையகத்திலிருந்து பூங்கொத்து வந்தது. பூங்கொத்தோடு ஓர் அறிக்கையும் வந்தது. பகுப்பாய்வுத் தலைவி ஒப்பமிட்டு மாலை நான்கு மணிக்கு வெளியிடவேண்டும்.

'நிகழ்வுக்குப் பின் தரவுகளை ஆராய்ந்ததில்' என்று அது ஆரம்பித்தது.

"பின்," என்றாள் கனகமணி.

"ஒரு வார்த்தைதானே," என்றார் செய்யது. அவர் அன்று சவரம் செய்துகொள்ளவில்லை. "முன்னாடியே தெரியும், உக்காந்து கைதட்டினோம்னு எழுதச் சொல்றீங்களா? எங்க வாப்பா இருந்திருந்தா என் முகத்துல காறித் துப்பியிருப்பாரு."

"அருமைநாயகம்?"

செய்யது தரையைப் பார்த்தார். காஸ் கசிவதாக அளத்துக்குப் போன் போட்டவர் அருமைநாயகம்தான். போன் எண்ணைத் தேடிப் பிடித்து, வதந்தி பரப்பி வேலையை நிறுத்தியதாக அவரைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். அவர் சொல்வதுபோல மையத்துக்கு முன்கூட்டியே ஏதாவது தெரியுமா என்று இன்ஸ்பெக்டர் கேட்டிருந்தார். தலைமையகம் எழுதிக்கொடுத்த பதிலும் அறிக்கையோடு சேர்ந்தே வந்திருந்தது: தெரியாது, அது அவருடைய தனிப்பட்ட செயல்.

"ஏன் காஸ்னு சொன்னாராம்?"

"நானும் போய்க் கேட்டேன். கருந்துளைன்னு சொன்னா கங்காணி போன வச்சிருவான், காஸ்னா ஓடுவாங்க சார்னாரு. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தரக் கேட்டிருக்கலாமேன்னேன். கேட்டா நீங்க ரெண்டு பேரும் வானத்தப் பாப்பீங்கன்னாரு. பொம்மையா இருந்தா எனக்கு இன்னொரு சால்வை, அவ்வளவுதானே, இழக்கறதுக்கு எங்கிட்ட என்ன இருக்குன்னாரு." செய்யதின் குரல் இறங்கியது. "அங்கயும் அந்தச் சால்வையத்தான் போத்திக்கிட்டு உக்காந்திருக்காரு."

கனகமணி பேனாவை எடுத்தாள், வைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து போடுகிறேன் என்றாள். காரில் போகும்போது தன்னையே கேட்டுக்கொண்டாள், எதற்குப் போகிறேன் என்று. நோயாளியைப் பார்க்க என்று ஒரு பதில் வந்தது. அது கடைவாசலில் தொங்கும் மாதிரிச் சரக்கு. உள்ளே இருந்த பதில் வேறு. அந்த முஷ்டியைப் பற்றி உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். மற்றவள் வாயைத் திறப்பாளா மாட்டாளா என்று பார்த்துவிட்டுத்தான் கனகமணிக்குக் கையெழுத்துப் போடவேண்டியிருந்தது. இது தெரிந்தபோது அவளுக்குக் காது மடல் சுட்டது. இருந்தும் காரைத் திருப்பச் சொல்லவில்லை.

தூத்துக்குடிப் பெரியாஸ்பத்திரியில் ஜெசிந்தா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கண்ணிலும் கட்டு. கன்னம் ஒரு பக்கம் தீய்ந்திருந்தது. கட்டிலுக்கு இந்தப் பக்கம் பெல்சியா. கனகமணியைக் கண்டதும் எழுந்து ஸ்டூலை அவள் பக்கம் தள்ளிவிட்டாள். தான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள்.

"யாருட்டி?"

"எங்க மேடம் வந்திருக்காங்கக்கா."

"வாங்க மேடம். ஒங்களப் பாக்கணும்னு ரொம்ப நாளு ஆச. பாருங்க, இப்பம் போய் வந்திருக்கீய." அவளே சிரித்தாள். சிரித்ததும் கன்னம் வலித்திருக்கவேண்டும், பாதியில் நிறுத்திக்கொண்டாள். "பதினெட்டு வருசமா உப்பு வெயிலுக்கே குடுக்காத கண்ணு. ஒரு மின்னலுக்குக் குடுத்துட்டேன்."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"அவரும் ஒங்க ஆளுக மாதிரிதான். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்ங்காரு."

"ஏன் அங்கயே நின்னீங்க?" கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று கனகமணிக்கு ஆகிவிட்டது.

"இவ சொன்னாளே, ஒண்ணும் இல்லன்னு. நானும் சரின்னு, ஓடுனவளுக போட்டுட்டுப் போன செருப்பு, சோத்து வாளி எல்லாத்தையும் பொறுக்கி ஒரு எடத்துல சேத்துக்கிட்டு இருந்தேன். திரும்பி வந்து எஞ்செருப்பு ஒஞ்செருப்புன்னு சண்ட போடுவாளுகல்லா? குனிஞ்சு நிமிருதேன், உப்புக்குள்ளேருந்து வெள்ளையா ஒரு கோடு. கீழேருந்து மேல. மின்னல்னா மேலேருந்துல்லா வரணும்? என்ன இது தலகீழா வருதேன்னு நெனச்சேன். பொறவுதான் சத்தம்."

அவள் கையை நீட்டித் தடவி, தங்கையின் தோளைத் தொட்டாள்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். இவள வேலைய விட்டு எடுத்துராதீய. நேத்துலேருந்து சோறு திங்கல. எம்மேல தப்பு, எம்மேல தப்புன்னு சொல்லுதா. சின்னப்புள்ள, ஏதோ கணக்குத் தப்பிட்டு. எங்க அளத்துலகூட மேஸ்திரி கணக்குத் தப்பத்தான் செய்யுதான்."

அந்த முஷ்டியைப் பற்றிப் பெல்சியா அக்காவிடம் சொல்லவில்லை. கனகமணிக்கு நெஞ்சில் முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதியை அவளே பார்த்துவிட்டாள்.

இருந்தும் கை கேட்கவில்லை. கட்டில் விளிம்பில் தொங்கிய போர்வைக்கு அடியில் அது தானாகப் போயிற்று. அங்கே பெல்சியாவின் கை இருந்தது. கனகமணி அதன் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தாள். அவளுடைய அப்பா ஆயுளில் ஒரு தடவைகூடச் செய்யாத காரியம். என்ன கேட்டாலும் தருகிறேன். பதவி, கண்டுபிடிப்பில் முதல் பெயர், அக்காவுக்கு எந்த ஊர் வைத்தியம் வேண்டுமானாலும். இதை மட்டும் இங்கேயே விட்டுவிடு.

பெல்சியா அவளை நிமிர்ந்து பார்த்தாள். வானத்தைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. நேராக முகத்தைப் பார்த்தாள். பிறகு போர்வைக்கு அடியில் கனகமணியின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். சொல்லிக்கொடுத்தபடியே, பிசகில்லாமல். முஷ்டியாக்கி, மூடி, கையை எடுத்துக்கொண்டாள்.

கனகமணி அந்த மூடிய கையை வெளியே எடுத்தாள்.

"ஜெசிந்தா," என்றாள். "உங்க தங்கச்சி கணக்கு தப்பல. எந்த நேரம், எந்த எடம்னு காலையிலேயே சரியாச் சொன்னா. ஒண்ணுமில்லன்னு அவகிட்ட சொன்னது நான். எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னேன்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். தங்கையின் தோளில் இருந்த ஜெசிந்தாவின் கை மெதுவாகத் தலைக்குப் போய், முடியைக் கோதிக்கொண்டிருந்தது.

"அப்ப காஸுன்னு சொன்னது?"

"அவரும் எங்க ஆள்தான். அருமைநாயகம்னு பேரு."

"அவருக்குத் தெரியுமா, இப்பிடி வரும்னு?"

"தெரியாது. எங்க யாருக்குமே தெரியாதுங்கிறது மட்டும் அவருக்குத் தெரிஞ்சிருந்தது."

"அந்த மனுசன் இப்பம் எங்க?"

"போலீஸ் ஸ்டேஷன்ல வச்சிருக்காங்க. பொய் சொல்லி ஆளுங்களை ஓடவச்சாருன்னு."

ஜெசிந்தா கட்டுப்போட்ட முகத்தைக் குரல் வந்த பக்கம் திருப்பினாள்.

"அப்பம் நீங்க இங்க என்ன செய்யுதீய?"